துளை போடும் இடத்தில் கவனம்!

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை போகும் வீதியில், குச்சவெளி மணல்தரையில் வாழ்பவர்களுக்குத் தண்ணீரின் அருமையைப் பற்றிப் பாடம் நடத்தத் தேவையில்லை. ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை மழை கொட்டும். அத்தனையையும் மணல் குடித்துவிடும். கோடையில் கரையோரக் கிணற்றை அளவுக்கு மீறி இறைத்தால், அடியிலுள்ள உப்புநீர் மேலேறி வரும். 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் புகுந்தபோது கிழக்குக் கரையில் எத்தனையோ கிணறுகள் உப்பாகிப் போயின.

ஆகவே வளவில் குழி தோண்டி, தடித்த விரிப்புப் போட்டு மழைநீரைத் தேக்குவது நல்ல யோசனைதான். நூறு சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை விழுந்தால் ஏறத்தாழ 235 லீற்றர்! குடிக்க வேண்டாம், மரக்கறிப் பாத்திக்கும் முற்றம் கழுவவும் போதும்.

தொல்லை, அந்த விரிப்பில் பைப் பூட்டும்போதுதான் வருகிறது. கத்தியால் கீறி, பைப்பைச் செருகி, சுற்றிவர பீவிசி பசையைப் பூசிவிடுகிறார்கள். அந்தப் பசை பீவிசியோடு பீவிசியைத்தான் ஒட்டும், பொலித்தீனில் பிடிக்காது. சிலிக்கனும் நெடுநாள் நிற்காது. இரவோடிரவாகத் தண்ணீர் மணலுக்குள் போய்விடும். "பெண்களுக்கு இதெல்லாம் எதற்கு?" என்பார்கள். கோடையில் குடம் தூக்குவது யாராம்?

நீரை நிறுத்துவது பசையல்ல, இறுக்கம். தண்ணீர்த் தாங்கிக்குப் பூட்டும் இணைப்பை ஹார்ட்வெயார் கடையில் கேளுங்கள். ஒரு பக்கம் தட்டையான விளிம்பு, புரி வெட்டிய கழுத்து, மறுபக்கம் நட்டு. விரிப்பின் இரு பக்கமும் ரப்பர் வொஷர் வைத்து, நட்டுக்கு அடியில் வழுவழுப்பான பிளாஸ்டிக் வளையமொன்றும் போட வேண்டும். இல்லையேல் நட்டு சுழலும்போது ரப்பரையும் விரிப்பையும் சேர்த்து முறுக்கிவிடும். ஒரு சிறு சுருக்கம் போதும், கசிவதற்கு.

துளையை முதலில் போடவே கூடாது! துளை வரும் இடத்துக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் விட்டு, பாரத்தில் விரிப்பு மணலோடு நன்றாகப் படிந்த பிறகே போட வேண்டும். கத்திக் கீறலின் மூலையிலிருந்து விரிப்புக் கிழிந்துகொண்டே போகும். அதனால் பின்னால் பலகை வைத்து, கூரான விளிம்புள்ள இரும்புக் குழாயால் தட்டி வட்டமாக எடுக்கச் சொல்லுங்கள். கழுத்து இறுக்கமாக நுழைய வேண்டும். உள்ளே ஒருவர் அசையாமல் பிடிக்க, வெளியே நட்டை மட்டும் கையால் இறுக்கி, சாவியால் இன்னும் அரைச் சுற்று. அதற்கு மேல் போனால் ரப்பர் பிதுங்கிவிடும். வெள்ளை டேப் வால்வு பூட்டும் புரிக்குத்தான், வொஷருக்கு அல்ல.

மணல் இறங்கும் இயல்புடையது. வெளியே போகும் பைப்புக்கு அடியில் ஒரு கல் வைத்துத் தாங்கல் கொடுக்காவிட்டால், அதன் பாரமே விரிப்பைக் கிழிக்கும். என்னைக் கேட்டால், அடியில் துளையே வேண்டாம். மேலே நிரம்பி வழிய ஒன்று போதும். தண்ணீரை ஹோஸ் பைப்பால் கரைக்கு மேலாக இழுத்துக் கொள்ளலாம்.

பிள்ளைகள் விழாதபடி வேலி அவசியம். நுளம்பு பெருகவிட்டால் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமுமாகும், வலையால் மூடுங்கள்.

கசிகிறதா என்று பார்க்க, ஒரு வாளியில் நீர் நிரப்பிக் குழியோரம் வையுங்கள். இரண்டிலும் கோடு போட்டு மறுநாள் பாருங்கள். வாளியில் குறைவது வெயில் குடித்தது. குழியில் அதைவிட அதிகம் குறைந்தால் கசிவு. எந்த மட்டத்துக்கு வந்ததும் இறங்குவது நிற்கிறதோ, அந்த மட்டத்தில் தேடுங்கள்.