ஈஸ்ட் இன்சுலினைச் சுரப்பது எப்படி?

டென்மார்க்கில் உயிர்வேதியியல் பயிலும் மாணவனொருவன், கலுண்ட்போர்க் நகரத்து நோவோ நார்டிஸ்க் ஔஷதத் தொழிற்சாலைக்கு விஜயம் செய்வானாயின், பிரம்மாண்டமான எஃகுத் தொட்டிகளுக்குள்ளே ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரே இன்சுலினுக்கு மூலகர்த்தாவாய் விளங்குவதை அறிந்து வியப்படைவான். ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் அந்த அற்ப உயிருக்கும் மனிதனுடைய ஹார்மோனுக்கும் இயற்கையில் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆயினும், இன்சுலினை ஆக்கும் மரபணுவை அதனுள் புகுத்தி, சர்க்கரையை ஆகாரமாக ஊட்டி, காற்றையும் உஷ்ணத்தையும் அளவோடு பேணிவந்தால், அது இன்சுலினின் பூர்வரூபத்தைத் தன்னைச் சூழ்ந்த திரவத்திலேயே வெளியிட்டுவிடுகிறது. செல்களை உடைக்க வேண்டாத இந்தச் சௌகரியமே அம்முறையின் பிரதான சிறப்பென்பது என் அபிப்பிராயம். (முற்காலத்தில் பன்றிகளின் கணையத்திலிருந்து இன்சுலினை வடித்தார்கள், பிற்காலத்திலோ எஞ்சிய ஈஸ்ட் பன்றிகளுக்கே தீனியாயிற்று!) பின்னர், நொதிகளைக்கொண்டு வேண்டாத பகுதியை வெட்டி நீக்கி, பன்முறை சுத்திகரித்த பிறகே, 51 அமினோ அமிலங்களாலான இன்சுலின் கைகூடுகிறது.