தந்தை சொல்லாத பாடம்



தந்தையின் தொழில் மைந்தனுக்குத் தானாகவே வந்துவிடும் என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. எங்கள் கண்டக்குழிக் கரையில் வாழ்வோர் இதனை எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வள்ளத்தையும் வலையையும் தந்தை கொடுக்கலாம். நீரோட்டத்தை அறியும் அறிவை மகன் தானே கடலிற் சென்று தேடிக்கொள்ள வேண்டும். இவ்வுண்மையையே நானூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தம் குடும்ப நெறியாகக் கொண்ட குயவர்கள் யப்பான் நாட்டில் இருக்கின்றனர். கியோட்டோ நகரத்து இராக்கு குடும்பத்தினரே அவர்கள். இராக்கு என்னும் சொல்லுக்கு இன்பம் என்பது பொருள்.

யப்பானியர் தேநீர் வழங்குவதை ஒரு கலையாகவே வளர்த்தனர். நாம் தேயிலைச் சாயத்தை வடித்து அருந்துகின்றோம். அவர்களோ பசுந்தேயிலை மாவைக் கிண்ணத்திலிட்டு, வெந்நீர் வார்த்து, சிறிய மூங்கிற் கருவியாற் கலக்கி விருந்தினருக்கு அளிப்பர். சிறியதோர் அறையில் அமைதியாக நிகழும் இச்சடங்கிற்கு எளிமையையே அழகாக வகுத்தவர் சென் நோ ரிக்கியு என்பார். அவர் 1522 முதல் 1591 வரை வாழ்ந்தவர். சீனத்து நேர்த்தியான கலங்கள் பெருமதிப்புப் பெற்றிருந்த அக்காலத்தில், தம் கருத்துக்கு இசைந்த கிண்ணங்களைச் சோஜிரோ என்னும் கைவினைஞரைக் கொண்டு அவர் செய்வித்தார். கூரை ஓட்டு வேலையோடு தொடர்புடையவர் சோஜிரோ. 1574ஆம் ஆண்டில் அவர் வனைந்த மண் சிங்கம் ஒன்று இன்றும் பேணப்படுகின்றது.

சோஜிரோ குயவர் சக்கரத்தை நாடவில்லை. களிமண்ணைத் தட்டையாகப் பரப்பி, அதன் ஓரங்களை இரு கைகளாலும் மெல்ல உயர்த்திக் கிண்ணமாக்கினார்; பின்னர் அதனைச் செதுக்கி உருத்திருத்தினார். ஆதலால் அதன் வட்டம் சிறிது கோணியிருக்கும். ஆயினும் குவித்த கைகளுக்குள் அஃது இயல்பாக அடங்கும். நுண்துளைகள் நிறைந்த தடித்த மண்சுவராதலின், தேநீரின் வெம்மை கையைச் சுடாது இதமாகவே உறைக்கும்.

இக்கிண்ணங்களுக்குச் சிறப்பாக உரிய நிறங்கள் கறுப்பும் சிவப்பும் ஆம். கறுப்பு மெருகுக்குக் காமோ ஆற்றுக் கல்லைப் பொடித்துச் சேர்ப்பர். கரி நிரப்பிய சிறு சூளையிலே துருத்தியாற் காற்றூதுவர். மெருகு உருகியதும், தணல்போல் ஒளிரும் கிண்ணத்தை இடுக்கியாற் பற்றி வெளியே எடுப்பர். சடுதியிற் குளிர்வதாலேயே அந்த ஆழ்ந்த கருமை பிறக்கின்றது. எடுக்கும் வேளையை நிர்ணயிப்பது கண்ணின் பழக்கமே.

இத்துணை நுட்பமான தொழிலின் அளவுகளையெல்லாம் தந்தை எழுதிக் கொடுப்பார் என்றே நாம் எண்ணுவோம். அங்ஙனமன்று. மெருகின் செய்முறையைத் தந்தை மகனுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதனைப் புதிதாகக் கண்டறிதல் வேண்டும். இதனால் ஒருவர் கிண்ணம் மற்றவர் கிண்ணத்தைப் போன்றிராது. மூன்றாம் தலைமுறையினரான தோன்யூ பளபளக்கும் மெருகினாற் புகழ்பெற்றார். ஐந்தாமவரான சோன்யூவோ ஒளி அடங்கிய சோஜிரோவின் கருமையை மீண்டும் நாடினார். இந்தச் சோன்யூ குடும்பத்திற் பிறந்தவரல்லர்; சுவீகாரமாக வந்தவர். பதினைந்தாமவர் சிற்பக்கலை பயின்று, இத்தாலி நாட்டிலும் கற்று, 1981இல் குடும்பத் தலைமையை ஏற்றார். 2019இல் அதனைத் தம் மைந்தரிடம் ஒப்படைத்தார்.

அப்படியாயின் முன்னோர் விட்டுச்செல்வதுதான் யாது? மண்! நல்ல களிமண்ணைத் தேடிச் சேர்த்துப் பதப்படுத்திப் பின்வருவோருக்காக வைத்துச் செல்வது அக்குடும்பத்தின் வழக்கம். பதினைந்தாமவர் வனைந்தது தம் பூட்டனார் சேர்த்துவைத்த மண்ணைக் கொண்டு. தாம் காணப்போகாத பேரப்பிள்ளைகளின் கைகளுக்காக ஒருவர் மண் சேர்க்கின்றார். அதில் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் அவர் கட்டளையிடுவதில்லை.

பிள்ளைகளுக்கு எல்லா விடைகளையும் எழுதிக் கொடுத்துவிடத் துடிக்கும் பெற்றோரும் ஆசிரியருமாகிய நாம், இதனைச் சற்றே சிந்தித்தல் நன்று. விடையை மனனம் செய்த பிள்ளை, வினா சிறிது மாறினும் திகைத்து நிற்பதை நான் வகுப்பறையில் ஆண்டுதோறும் காண்கின்றேன். நல்ல மண்ணைச் சேர்த்துக் கொடுப்பது நம் கடன். கிண்ணத்தை வனைய வேண்டியவர்கள் அவர்களே.