பிழைச்செய்தி தராத பிழைகள்: வினவலில் ஒப்பீட்டுக் குறிகள்

தரவுத்தள அட்டவணையிலிருந்து வேண்டிய வரிசைகளை மட்டும் பிரித்தெடுக்குமாறு கணினிக்கு இடப்படும் கட்டளை வினவல் எனப்படுகிறது. எந்த வரிசையைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று அதில் முடிவுசெய்பவை ஒப்பீட்டுச் செயற்குறிகளே. ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட் 1970இல் முன்வைத்த உறவுமுறைத் தரவு மாதிரியை அடிப்படையாகக் கொண்டு, அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவரும் 1974இல் அறிமுகப்படுத்திய மொழியே பின்னர் எஸ்கியூஎல் எனப் பெயர்பெற்று, இன்று வங்கி முதல் பள்ளி வரை எங்கும் வழங்குகிறது. அதன் அடிப்படை ஒப்பீட்டுக் குறிகள் ஆறு: சமம் (=), சமமன்று (<>), சிறியது (<), பெரியது (>), சிறியது அல்லது சமம் (<=), பெரியது அல்லது சமம் (>=).

பள்ளிக் கணக்கிலேயே அறிமுகமான இக்குறிகள் எளியவை போலத் தோன்றினாலும், ஒரு தேர்வின் மதிப்பெண் அட்டவணையில் இவற்றைப் பயன்படுத்திப் பார்த்தால் எவ்வளவு கவனம் வேண்டும் என்பது விளங்கும். தேர்ச்சிக்கு 35 மதிப்பெண் போதும் என்னும்போது, ‘மதிப்பெண் > 35’ என்று எழுதினால் சரியாக 35 பெற்றவர் பட்டியலிலிருந்து விடுபட்டுப்போவார்; ‘மதிப்பெண் >= 35’ என்பதே அவரைச் சேர்க்கும்.

தேர்வுக்கு வராதவரின் நிலை இன்னும் நுட்பமானது. அவருடைய மதிப்பெண் கட்டம் சுழியம் அன்று. மதிப்பே இல்லாத ‘நல்’ என்னும் வெற்று நிலையில் அது இருக்கிறது. அதனோடு எதை ஒப்பிட்டாலும் விடை உண்மையும் ஆகாமல் பொய்யும் ஆகாமல் ‘தெரியாது’ என்றே அமைவதாலும், உண்மை என்று விடை வரும் வரிசைகளை மட்டுமே வினவல் கொள்வதாலும், அம்மாணவர் 35க்குக் குறைந்தோர் பட்டியலிலும் வரமாட்டார், மற்றப் பட்டியலிலும் வரமாட்டார். ‘மதிப்பெண் = நல்’ என்று தேடினாலும் கிடைக்கமாட்டார்; ‘இஸ் நல்’ என்னும் தனித் தொடரைக் கொண்டே அவரைக் கண்டெடுக்க இயலும்.

ஒப்பிடப்படும் தரவு எவ்வகையைச் சேர்ந்தது என்பதும் விடையை மாற்றும். மதிப்பெண்ணை எண்ணாக அன்றி எழுத்துத்தொடராகச் சேமித்து, 35 என்பதையும் எழுத்தாகவே தந்து ஒப்பிட்டால், கணினி முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கும். 3க்கு முன்னர் 1 வருவதால், 100 பெற்றவர் 35க்குக் குறைந்தவராகிவிடுவார். பெயர்களை ஒப்பிடும்போதோ மொழிக்குரிய வரிசை விதி குறுக்கிடுகிறது. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையின் எண் வரிசையில் னகரம் பகரத்துக்கு முன்னால் வைக்கப்பட்டிருப்பதால், அவ்வெண்களை மட்டும் கொண்டு ஒப்பிடும் தரவுத்தளம் கனகாவைக் கபிலனுக்கு முன்னால் நிறுத்தும். னகரம் இறுதியில் வரும் தமிழ் நெடுங்கணக்கின்படி கபிலனே முந்துவார். தமிழுக்குரிய வரிசை விதியைத் தேர்ந்தெடுத்தால்தான் இது சரியாகும்.

35 மதிப்பெண்ணில் கண்ட எல்லைச் சிக்கல் தேதிகளிலும் எழுகிறது. மார்ச் 31 வரை வந்த விண்ணப்பங்களை, நேரமும் சேர்த்துப் பதிவான நெடுவரிசையில் ‘<= மார்ச் 31’ என்று தேடினால், அத்தேதி நள்ளிரவு 00:00 மணி என்றே பொருள்கொள்ளப்படுவதால், கடைசி நாளில் வந்தவை ஏறக்குறைய அனைத்தும் விலகிவிடும்; ‘< ஏப்ரல் 1’ என்று எழுதுவதே பாதுகாப்பானது.

இத்தவறுகள் எதற்கும் கணினி பிழைச்செய்தி காட்டுவதில்லை; இலக்கணப்படி வினவல் சரியாக இருப்பதால், தவறான பட்டியலும் சரியான பட்டியலைப் போலவே திரையில் வந்து நிற்கிறது. ஆகவே, ஒரு வினவலை நம்புவதற்கு முன், 34, 35, 100 ஆகிய மதிப்புகளும் ஒரு வெற்றுக் கட்டமும் கொண்ட சிறு அட்டவணையில் அதை ஓட்டிப் பார்ப்பதும், பிரிந்த பட்டியல்களின் கூட்டுத்தொகை மொத்த வரிசைகளின் எண்ணிக்கைக்குச் சமமாகிறதா என்று சரிபார்ப்பதும் இன்றியமையாதவை. பட்டியலில் விடுபடுவது ஒரு வரிசைதான் என்றாலும், அவ்வரிசைக்குரிய மாணவருக்கு அது ஓராண்டுப் படிப்பின் பயனாகும்.