படத் தகடுகளைப் பிரதி எடுக்க எந்தக் கருவி?

பள்ளி ஆண்டு விழா முடிந்துவிட்டது. ஆடிய, பாடிய, பரிசு பெற்ற பிள்ளைகளை 300 படங்களாக எடுத்திருக்கிறீர்கள். 200 பெற்றோர்கள் ஆளுக்கொரு தகடு வேண்டுமென்று பெயர் கொடுத்துவிட்டார்கள். உங்கள் ஸ்டூடியோவில் உள்ளதோ ஒரே கணிப்பொறி. அதில் ஒரே டிரைவ். பிரதி எடுக்கும் கருவி ஒன்றை வாங்கிவிடலாமே என்று தோன்றும். வாங்குமுன் அது செய்யும் வேலையைத் தெரிந்துகொள்வோம்.

தகட்டில் நடப்பது என்ன?

ஆலையில் தயாராகும் திரைப்படத் தகடு அச்சில் வார்க்கப்படுவது. அதில் செய்தி நுண்ணிய குழிகளாகப் பதிந்திருக்கும். அச்சுச் செய்யச் செலவு மிகுதி. ஆயிரக்கணக்கில் எடுத்தால்தான் கட்டுப்படியாகும். நாம் பயன்படுத்தும் பதிவுத் தகட்டிலோ மெல்லிய சாயப் பூச்சு உண்டு. லேசர் கதிரின் சூட்டினால் சாயம் அங்கங்கே மாறுகிறது. மாறிய இடம் ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்புகிறது. இந்த வேறுபாட்டையே டிரைவ் படிக்கிறது. ஒருமுறை மாறிய சாயம் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆகவே பாதியில் மின்சாரம் நின்றால் அந்தத் தகடு வீண்தான்.

பதிவுப் பாதை சுருள் வடிவானது. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே சி.டி.யில் 1.6 மைக்ரான் தூரம், டி.வி.டி.யில் 0.74 மைக்ரான்தான். அதனால் டி.வி.டி. 4.7 ஜிகாபைட் கொள்ளும்; சி.டி. கொள்வது 700 மெகாபைட். படம் ஒன்றுக்கு 5 மெகாபைட் என்றால் 300 படங்களுக்கு 1,500 மெகாபைட். சி.டி. போதாது, டி.வி.டி. வேண்டும்.

கோபுரமா, இயந்திரக் கையா?

பிரதிக் கருவிகள் இரு வகை. முதலாவது, டிரைவ்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கோபுரம். மூலத் தகட்டை ஒன்றில் வைத்தால் மற்றவை ஒரே நேரத்தில் அதைப் பதிவு செய்யும். கணிப்பொறி தேவையில்லை. பதிவு, சரிபார்ப்பு, தகடு மாற்றல் எல்லாம் சேர்த்து ஒரு சுற்றுக்கு 12 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே டிரைவில் 200 தகடுகளுக்கு 2,400 நிமிடம், அதாவது 40 மணி நேரம். ஏழு பதிவு டிரைவ் கொண்ட கோபுரத்தில் 29 சுற்றுகள். ஏறத்தாழ 6 மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இரண்டாவது வகையில் டிரைவ்கள் ஒன்றோ இரண்டோதான். ஓர் இயந்திரக் கை தகட்டை எடுத்து வைக்கும். பல கருவிகளில் மேற்புறம் அச்சிட்டும் தரும். வேகம் குறைவு, ஆனால் இரவெல்லாம் ஆள் இல்லாமலே ஓடும்.

இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். கோபுரம் ஒரே செய்தியைத்தான் பல தகடுகளில் எழுதும். எல்லாப் பெற்றோருக்கும் அதே 300 படங்கள் என்றால் அது மிகப் பொருத்தம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் படங்கள் மட்டும் என்றால் ஏழு டிரைவ் இருந்தும் பயனில்லை. அப்போது கணிப்பொறியுடன் இணையும் இயந்திரக் கைதான் உதவும். ஆகவே முதல் கேள்வி கருவியைப் பற்றியதன்று. நீங்கள் விற்பது எது என்பதே.

பார்த்து வாங்குங்கள்

எழுதியதை மூலத்துடன் ஒப்பிடும் வசதி கட்டாயம் வேண்டும். மூலத்தை உள்ளே சேமிக்கும் ஹார்டு டிஸ்க் இருந்தால், மூலத் தகடு கீறினாலும் வேலை நிற்காது. டிரைவ்கள் தேயும் பொருள்கள். தனித்தனியே கழற்றி மாற்றக் கூடியவையாக இருக்கட்டும். யு.பி.எஸ். இல்லாமல் இயக்காதீர்கள், ஒரு மின்தடையில் ஏழு தகடுகள் போய்விடும்.

மேற்புறத்தில் காகிதம் ஒட்டலாமா? கூடாது. 16 மடங்கு வேகத்தில் டி.வி.டி. நிமிடத்திற்குச் சுமார் 10,000 சுற்றுச் சுழலும். காகிதம் சற்றே கோணலாக இருந்தாலும் தகடு ஆட்டம் காணும். அச்சிடத்தக்க மேற்பரப்புள்ள தகடுகளை வாங்குவதே நல்லது. சாயம் வெயிலுக்கும் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் கெடும் என்பதை உறைமேலேயே அச்சிட்டுக் கொடுங்கள். பிள்ளையின் முதல் மேடைப் படம் பத்தாண்டு கழித்தும் திறக்க வேண்டுமல்லவா?

இன்று வாங்கலாமா?

கருவி விலை ரூ.21,000, ஒரு தகட்டில் கிடைக்கும் மிச்சம் ரூ.15 என்று கொள்வோம். விலையை மிச்சத்தால் வகுத்தால் 1,400. அதாவது 200 தகடு வீதம் ஏழு விழாக்களுக்குப் பின்னரே முதல் திரும்பும். அத்தனை விழா உங்களுக்கு உண்டா?

இன்னொன்றும் உண்டு. இன்று வரும் மடிக்கணினிகள் பலவற்றில் தகடு டிரைவே இல்லை. சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியில் பதிவு செய்யத்தக்க புளூ-ரே தகடுகளின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. எனவே பெயர் எழுதும்போதே, "உங்கள் வீட்டில் தகடு ஓடுமா, பென் டிரைவ் வேண்டுமா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பென் டிரைவும் நிரந்தரமன்று. அதில் தேங்கிய மின்னூட்டம் நாளடைவில் கசியும். எதில் கொடுத்தாலும் இரண்டு இடங்களில் பிரதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தகடு கேட்போர் கணிசமாக இருந்தால் கோபுரம் வாங்கலாம். சிலரே என்றால் இருக்கும் டிரைவோடு இன்னொன்றைச் சேர்த்தாலே போதும், பணமும் மிஞ்சும்.