சால்ட் லேக்கில் பயிற்சி... சந்தக்பூவில் மூச்சுத் திணறல் ஏன்?

கொல்கத்தா: சதுப்பு நிலத்தின் மீது ஹூக்ளி ஆற்று வண்டலைக் கொட்டி உருவாக்கப்பட்ட சால்ட் லேக்கில் பெயருக்குக்கூட ஒரு குன்று இல்லை. இங்குள்ள சென்ட்ரல் பார்க்கில் ஓடிப் பழகியவர்களுக்கு, அதே மாநிலத்தின் சிங்கலீலா மலைத்தொடர் கடும் சோதனை.

அங்கு 1991இல் தொடங்கப்பட்ட 100 மைல் மலைப்பாதை ஓட்டம் ஐந்து நாட்கள் நீள்கிறது. முதல் நாளே, நேபாள எல்லையோரச் சிற்றூரான மானேபஞ்சாங்கிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூவுக்கு ஏற வேண்டும். அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு; ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அவ்வாறே குறைகிறது. கால்களின் வலிமை இதனை ஈடுசெய்யாது. உடல் பழகச் சில நாட்கள் தேவை. தலைவலியுடன் குமட்டல் தோன்றினால் மேலும் ஏறக் கூடாது. நடை தடுமாறினால் உடனே கீழே இறங்க வேண்டும்.

மூன்றாம் நாள் பாதை ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய ரிம்பிக்கை நோக்கி இறங்குகிறது. அங்கு மூச்சு எளிதாகும், சிரமம் முழங்கால்களுக்கு.