ஒறுத்தல் எதற்கு?

குற்றம் இழைத்தவனை ஒறுத்தல் அரசின் கடன் என்பதில் ஐயமில்லை. ஆனால், எதன்பொருட்டு ஒறுப்பது என்னும் வினாவிற்கு விடை ஒன்றன்று. செய்த தீமைக்கு ஈடு செய்தல், பிறரை அச்சுறுத்தித் தடுத்தல், தீயவனைச் சமுதாயத்தினின்று விலக்கி வைத்தல், அவனைத் திருத்துதல் என அறிஞர் கூறும் நோக்கங்கள் நான்கு.

இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764இல் வெளியிட்ட நூலில், குற்றத்தைத் தடுப்பதே தண்டனையின் பயன் என்றார். எனினும், தடுப்பது தண்டனையின் கொடுமையன்று, அதன் தப்பாமையே என்று தெளிவுறுத்தி, மரண தண்டனையை மறுத்தார். செருமானிய மெய்ப்பொருள் அறிஞர் காண்ட் 1797இல் வேறு கருத்தை நிலைநாட்டினார். குற்றம் செய்தான் என்பதற்காகவே ஒருவனைத் தண்டிக்க வேண்டும். பிறர்க்குப் பாடம் புகட்டும் கருவியாக அவனை ஆக்கலாகாது என்பது அவர் கொள்கை. ஆயினும், கொலைக்கு மரணமே ஈடு என்றார் அவர்.

இளங்குற்றவாளிகளுக்குக் கல்வியும் தொழிற்பயிற்சியும் அளிக்கும் மலாக்கா, தெலுக் மாஸ் ஹென்றி கர்னி பள்ளி, திருத்துதல் என்னும் நான்காம் நோக்கத்திற்குச் சான்றாகும்.

இந்நோக்கங்களுள் அச்சுறுத்தல் ஒன்றே மேலோங்கினால் விளைவது யாது? மலேசியாவில் 1983 முதல், போதைப்பொருள் கடத்தல் மெய்ப்பிக்கப்பட்டால் நீதிபதி மரண தண்டனையே விதித்தாக வேண்டியிருந்தது. 15 கிராம் ஹெராயின் வைத்திருந்தவன், தக்க மறுப்புச் சான்று காட்டாவிடின், கடத்தல்காரன் என்றே கருதப்பட்டான். கூட்டத்தின் தலைவனுக்கும் கூலிக்குப் பொதி சுமந்தவனுக்கும் ஒரே முடிவு. அவனவன் நிலையை எண்ணிப் பார்க்க நீதிபதிக்கு இடமில்லை.

2017இல் செய்த சட்டத் திருத்தம் இந்நிலையைச் சிறிதே தளர்த்தியது. 2023 ஜூலை 4ஆம் நாள் கட்டாய மரண தண்டனை நீக்கச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மரண தண்டனை ஒழியவில்லை, கட்டாயமே ஒழிந்தது. கொலைக்கு மரணம் விதிப்பதா, 30 முதல் 40 ஆண்டுவரை சிறை விதிப்பதா என்பதையும், போதைப்பொருள் கடத்தலுக்கு மரணம் விதிப்பதா, ஆயுள் சிறை விதிப்பதா என்பதையும் நீதிபதியே ஆராய்ந்து முடிவு செய்யலாம். முன்னரே தண்டனை பெற்றோரும் கூட்டரசு நீதிமன்றத்தில் மறுஆய்வு கோர வழி பிறந்தது.

வள்ளுவர் ‘வெருவந்த செய்யாமை’ அதிகாரத்தின் முதற்குறளிலேயே, குற்றத்தை ஆராய்தல், அது மீண்டும் நிகழாமற் காத்தல், அதற்கு ஒத்த அளவில் ஒறுத்தல் ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்தார். அவற்றுள் ஆராய்தலே முதலில் நிற்கிறது. முடிவை முன்னரே எழுதிவைத்த சட்டத்தின்கீழ் அவ்வாராய்ச்சிக்கு இடமேது? நோக்கம் எதுவாயினும், தண்டனை பெறுபவன் யார், செய்தது யாது, ஏன் செய்தான் என்று கேட்ட பின்னரே ஒறுத்தல் நீதியாகும்.