நூலை எடுக்கும் முன்

தாடையில் முடி அடர ஆரம்பித்த பெண் டாக்டரிடம் போவதற்கு வெகு முன்பே பியூட்டி பார்லருக்குப் போயிருப்பார். புருவம் எடுக்க வந்தவர், பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, “அக்கா, இங்கேயும் கொஞ்சம் எடுத்துவிடுங்க” என்று தாடையைக் காட்டுவார். நூலை எடுக்கும் முன் பியூட்டிஷியன் தணிந்த குரலில் ஒன்று கேட்க வேண்டும்: “பீரியட்ஸ் மாசாமாசம் சரியா வருதாம்மா?”

மேலுதடு, தாடை, மார்பு, அடிவயிறு என ஆண்களுக்கு முடி வளரும் இடங்களில் பூனைமுடி தடித்துக் கறுத்தால், ஆண்ட்ரோஜன் ஹார்மோனின் வேலையாக இருக்கலாம். பெரும்பாலானோருக்குக் காரணம், நாம் பிசிஓடி என்று சொல்லும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை. மாதவிடாய் ஒழுங்காக வந்தும் குடும்பவாகாக முடி வளர்பவர்களும் உண்டு. சில மாதங்களிலேயே வேகமாக வளர்ந்து, குரலும் கனத்தால் தள்ளிப்போடவே கூடாது. அட்ரினல் சுரப்பியிலோ சினைப்பையிலோ கட்டி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

அடுத்து, முகத்தில் என்ன க்ரீம் போடுகிறார் என்று கேட்க வேண்டும். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். சிவப்பழகுக்கென்று தோழி சொல்லியோ கடைக்காரர் கொடுத்தோ மாதக்கணக்கில் பூசும் க்ரீமில் பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருந்தால், தோல் மெலிந்து சிவக்கும், பரு கிளம்பும், முடியும் வளரும். பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு உத்தரவிட்டது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. அந்த முகத்தில் வாக்ஸிங் செய்தால் தோலே உரிந்து வரலாம். பருவுக்கு ரெட்டினாய்டு மருந்து எடுப்பவர்களுக்கும் அப்படித்தான்.

லேசர் செய்துகொள்ள நினைப்பவர்கள், நம் மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் 1064 நானோமீட்டர் என்டி-யாக் கருவி இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். அதன் ஒளி மேல்தோலின் நிறமியில் அதிகம் சிக்காமல் வேர்வரை இறங்கும். தோல் சுடும் அபாயம் குறைவு. ஹார்மோனைக் கவனிக்காமல் லேசர் மட்டும் செய்தால் புதுமுடி முளைத்துக்கொண்டே இருக்கும்.

ஹார்மோனுக்காக டாக்டர் தரும் மாத்திரையின் பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும். அதுவரை த்ரெடிங்கை விட வேண்டியதில்லை. ஷேவிங்கும் செய்யலாம், வெட்டிய நுனி மழுங்கி இருப்பதால்தான் முடி தடித்ததுபோல் தெரிகிறது. குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முடியைக் குறைக்கத் தரும் ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரைகளைக் கர்ப்ப காலத்தில் சாப்பிடக் கூடாது.